பூங்கா பாழாவது யாரால்?

தமிழகத்துச் சிறுநகரங்களில் பூங்காக்கள் ஏன் பாழாகின்றன என்ற கேள்விக்கு, மன்றக் கூட்டங்களிலும் நாளிதழ்களின் வாசகர் கடிதங்களிலும் தேநீர்க் கடைப் பேச்சிலும் ஒரே விடைதான் திரும்பத் திரும்பத் தரப்படுகிறது: மக்களுக்குப் பொறுப்பில்லை. அரசு லட்சக்கணக்கில் செலவிட்டுப் பூங்கா அமைத்துத் தருகிறது, மக்களோ ஊஞ்சலை உடைக்கிறார்கள், குப்பையைப் போடுகிறார்கள், இருட்டியபின் மது அருந்துகிறார்கள், ஆகவே பூட்டி வைப்பதே அறிவுடைமை என்று அந்த வாதம் போகிறது. அதன் இன்னொரு கிளை, வயலும் வாய்க்காலும் சூழ்ந்த மண்ணச்சநல்லூர் போன்ற ஊருக்குப் பூங்கா எதற்கு, திருச்சிக்காரர்களுக்கு வேண்டுமானால் அது தேவைப்படலாம் என்கிறது. இரண்டும் சேர்ந்து, பூங்காவுக்கென ஒதுக்கிய மனையில் மேல்நிலைத் தொட்டியையோ சமுதாயக் கூடத்தையோ கட்டிவிடலாம் என்ற முடிவில் வந்து நிற்கின்றன. படித்தவர்களும் பதவியில் இருப்பவர்களும் ஏறத்தாழ ஒருமனதாக ஏற்றுக்கொண்ட இந்தக் கருத்து அடிமுதல் நுனிவரை பிழையானது. பூங்காவைப் பாழாக்குவது மக்களின் குணம் அன்று. பருவத்தை அறியாமல் வகுக்கப்படும் வேலைத்திட்டமும், கட்டுவதற்குப் பணம் தந்து காப்பதற்கு ஆள் தராத நிதிமுறையுமே அதைப் பாழாக்குகின்றன.

வயல் இருக்கும்போது பூங்கா எதற்கு என்ற கிளைவாதத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம், ஏனெனில் கேட்பதற்கு இனிமையாக இருந்தாலும் ஆராய்ந்தால் அதில் ஒன்றுமில்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே, துறையூர் செல்லும் சாலையில் அமைந்த மண்ணச்சநல்லூர், பெருவளை வாய்க்காலின் பாசனத்தாலும் பொன்னி அரிசியாலும் அதை அரைத்துத் தரும் ஆலைகளாலும் பெயர் பெற்ற ஊர். ஊரைச் சுற்றிப் பச்சை இருப்பது உண்மையே. ஆனால் அந்தப் பச்சை ஒருவருடைய உடைமை, இன்னொருவருடைய வேலைக்களம். நடவு முடிந்த வயலின் வரப்பில் அடிமேல் அடி வைத்து நடக்கலாமே தவிர, முழங்கால் வலியுள்ள மூதாட்டி உட்காரவோ நான்கு வயதுக் குழந்தை ஓடவோ அங்கு இடமில்லை. மருந்தடித்த வாரத்தில் பக்கத்தில் நிற்பதே நல்லதன்று. நம்பர் 1 டோல்கேட்டைத் தாண்டி வடக்கு நோக்கி வீட்டுமனைகள் பெருகிவரும் நிலையில், வயலைக் காட்டிப் பூங்காவை மறுப்பவரே அந்த வயலை மனையாக்கி விற்பவராகவும் இருக்கக்கூடும் என்ற முரணையும் சொல்லாமல் விட முடியாது. ஆலைப் பகுதியின் காற்று வேறு இருக்கிறது. நெல்லை அவிப்பதற்குக் கொதிகலனில் உமியை எரிக்கும்போது எழும் கரித்தூள், காற்று போகும் திசையிலுள்ள வீடுகளின் கொடித்துணியிலும் திண்ணையிலும் படிகிறது. இலையடர்ந்த மரவரிசை அந்தத் தூசியில் ஒரு பங்கையாவது பிடித்து நிறுத்தும் என்பதால், ஆலை ஊருக்குப் பூங்காவின் தேவை மற்ற ஊர்களைவிடக் கூடுதலே ஒழியக் குறைவன்று.

சட்டமும் பூங்காவை ஆடம்பரமாகக் கருதவில்லை. அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம், 1992இல், நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என்று பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசைப்படுத்திய 18 பணிகளுள், குடிநீரோடும் சாலையோடும் துப்புரவோடும் ஒன்றாகப் பூங்கா, தோட்டம், விளையாட்டுத்திடல் ஆகியவற்றையும் வைத்தது. அதற்கும் முன்பே, 1959இல், பூங்காக்கள், விளையாட்டுத்திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பாதுகாப்பதற்கென்றே இம்மாநிலத்தில் தனிச்சட்டம் இயற்றப்பட்டு, உள்ளாட்சிகள் அவற்றைப் பட்டியலிட வேண்டும் என்றும் வேறு பயனுக்கு மனம்போல் திருப்பக்கூடாது என்றும் விதிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை உருவாக்குபவர், சாலை நீங்கிய பரப்பில் 10 விழுக்காட்டைப் பொதுத் திறந்தவெளியாக விட்டாக வேண்டும், அலுவலகங்களில் ஓ.எஸ்.ஆர். நிலம் என்று வழங்குவது இதுதான். அந்த நிலத்தில் பூங்காவுக்கு மாறாக வேறொரு 'பயனுள்ள' கட்டடம் எழுப்பலாம் என்போர், பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் 1991இல் செல்லாது என்று தீர்ப்பளித்ததை நினைவில் கொள்வது நல்லது. மருத்துவமனையைவிடப் பயனுள்ள கட்டடத்தை எளிதில் எண்ணிப்பார்க்க முடியாது. அந்தப் பயனே அங்கு போதுமான காரணமாக ஏற்கப்படவில்லை.

மக்களுக்குப் பொழுதுபோக்கு வேண்டுமானால் முக்கொம்புக்கோ ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூரில் 2015இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கோ போகட்டுமே என்று சொல்லப்படுவதும் உண்டு. இரண்டும் நல்ல இடங்கள்தாம். காவிரியும் கொள்ளிடமும் பிரியும் மேலணையின் நிழலில் காணும் பொங்கலன்றும் ஆடிப்பெருக்கன்றும் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர், இம்மக்களுக்குத் திறந்தவெளி மேல் ஆசையில்லை என்று சொல்லமாட்டார். ஆனால் திட்டமிட்டுப் பேருந்தேறி, நுழைவுக் கட்டணம் கொடுத்து, கட்டுச்சோற்றோடு போய்வருகிற இடம் வேறு. அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, அரைமணி நேரம் போய்வருகிற இடம் வேறு. முன்னதை உலாத்தலம் என்றும் பின்னதைத் தெருப்பூங்கா என்றும் அழைக்கலாம். ஆண்டுக்கு இருமுறை கிடைப்பதைக் காட்டி அன்றாடம் வேண்டியதை மறுக்க முடியாது. சர்க்கரை நோயாளிக்கு மருத்துவர் சொல்லும் நடைப்பயிற்சியை முக்கொம்பில் செய்ய யாரும் நாள்தோறும் போவதில்லை. துறையூர் சாலையில் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் அந்த நடை நடக்கிறது.

இனி மையமான குற்றச்சாட்டுக்கு வரலாம். பூங்கா எப்படிப் பாழாகிறது என்பதைக் கூர்ந்து நோக்கினால், அதன் முதற்படி திறப்புவிழாவுக்கு முன்பே, கன்று நடும் நாளைத் தேர்வதிலேயே தொடங்கிவிடுவது தெரியும். மரக்கன்று நடும் விழாக்கள் பெரும்பாலும் சூன் 5ஆம் நாள் உலகச் சுற்றுச்சூழல் நாளிலோ, 1950இல் அன்றைய நடுவண் அமைச்சர் கே.எம். முன்ஷி தொடங்கிவைத்த வன மகோத்சவத்தையொட்டி சூலை முதல் வாரத்திலோ நடக்கின்றன. தென்மேற்குப் பருவமழை கொட்டும் கேரளத்துக்கும், சூலையில் மழை வந்து சேரும் வடமாநிலங்களுக்கும் அந்த நாள்கள் பொருந்தும். திருச்சிப் பகுதியோ மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பது. ஆனியிலும் ஆடியிலும் இங்கு வருவது மழையைவிடக் காற்று. ஆவணி, புரட்டாசியின் மாலை இடிமழை ஓரளவு கைகொடுத்தாலும், ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில்தான் பொழிகிறது. ஆக, சூன் 5இல் நட்ட கன்று, வேர்பிடிக்கும் முன்பே மண்ணை உலர்த்தும் காற்றில் நான்கு மாதம் நின்று, தண்ணீர் லாரியின் தயவில் உயிர்பிழைத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது. லாரி வருவது நின்றால் கன்று கருகும். கருகியதும், ஆடு மேய்ந்துவிட்டது என்றோ சிறுவர்கள் பிடுங்கிவிட்டார்கள் என்றோ கோப்பில் குறிப்பெழுதுவதில் யாருக்கும் தயக்கம் இருப்பதில்லை.

இதைவிடக் கேடானது மார்ச் மாத நடவு. நிதியாண்டு மார்ச் 31இல் முடிவதால், ஒதுக்கிய தொகையைத் திருப்பி அனுப்பாமல் செலவுக்கணக்கு காட்டும் அவசரம் மாசியிலும் பங்குனியிலும் எழுகிறது. புல்தரை விரிப்பதும் கன்று ஊன்றுவதும் அப்போது ஓட்டமும் நடையுமாக நடக்கின்றன. நட்ட ஆறாவது எட்டாவது வாரத்தில் அக்கினி நட்சத்திரம். கொரியன் புல் என்று நாற்றங்காலில் விற்கப்படும் மெல்லிய புல்வகை, நாள்தோறும் நீர் கேட்பது, அந்த வெயிலில் வைக்கோல் நிறமாகிப் பின் மண்ணோடு மண்ணாகிறது. உழவர் எவரும் நாற்றைப் பங்குனி வெயிலில் பிடுங்கி நடமாட்டார். நெல்லுக்குத் தெரிந்த பருவம் வேம்புக்கும் புங்கனுக்கும் தெரியாது என்று கருதுவது அலுவலகம் மட்டுமே. ஆண்டு முழுவதும் ஓரளவு மழை பெறும் சிங்கப்பூரே, 1971இல் மரநடு நாளைத் தொடங்கியபோது, மழை மிகும் நவம்பரைத் தேர்ந்தெடுத்து, நட்ட கன்றுக்கு நீரூற்றும் வேலையை வானத்திடம் ஒப்படைத்தது. ஐப்பசியில் அதைச் செய்ய மண்ணச்சநல்லூருக்கு எவரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை. அரசு நாட்காட்டியைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்தால் போதும்.

நட்டபின் வரும் பராமரிப்பும் அவ்வாறே. பருவப் பராமரிப்பு என்பது ஆண்டு முழுவதும் ஒரே வேலையை ஒரே அளவில் செய்வதன்று, அந்தந்த மாதத்துக்கு உரிய வேலையை அது பிந்துவதற்கு முன் செய்வது. ஆடிக் காற்று வருமுன் மயிற்கொன்றை, முருங்கை முதலிய முறியும் இயல்புள்ள மரங்களின் காய்ந்த கிளைகளைக் கழித்துவிட வேண்டும். கழிக்காவிட்டால் கிளை விழுந்து வேலிக்கம்பியும் விளக்கும் போகும். புரட்டாசியில் வடிகால் தூர்வாரப்பட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கோரையும் பார்த்தீனியமும் பூப்பதற்கு முன் வேரோடு களையப்பட வேண்டும். பூத்தபின் களைவது விதைப்பதற்குச் சமம். அதே மாதங்களில், ஓடாமல் நின்றுபோன அலங்கார நீரூற்றின் தொட்டி, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடத் தேடும் தெளிந்த தேக்கமாகிவிடுகிறது. சிறுநகரப் பூங்காவில் நீரூற்று என்பது பெரும்பாலும் ஆறு மாத அழகும் அதன்பின் கொசுப்பண்ணையும்தான். மாசியில் புங்கனும் வேம்பும் இலையுதிர்க்கும்போது அவற்றைக் கூட்டிக் கொளுத்தாமல் மரத்தடியில் பரப்பினால், சித்திரையில் மண்ணின் ஈரம் காக்கும் மூடாக்கு அதுவே. விலைக்கு வாங்க வேண்டியதில்லை. இவற்றில் எதற்கும் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. தேவைப்படுவது, எந்த மாதம் எதைச் செய்வது என்று தெரிந்த, ஆண்டு முழுவதும் அதே பூங்காவில் இருக்கிற ஓர் ஆள்.

பொதுமக்கள் உடைத்துவிட்டார்கள் என்று சொல்லப்படும் ஊஞ்சலை அருகில் போய்ப் பார்ப்பது இங்கு பயன்தரும். ஊஞ்சற் சங்கிலி மேல்குழாயோடு சேரும் இடத்தில் ஒரு கொக்கியும் அது மாட்டிய வளையமும் இருக்கின்றன; ஒவ்வொரு வீச்சிலும் இரும்பு இரும்பை அராவுகிறது. மாதம் ஒருமுறை கிரீஸ் தடவினால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் அந்த வளையம், தடவாவிட்டால் உட்புறம் தேய்ந்து தேய்ந்து பிறைபோல் மெலிந்து, கார்த்திகை மழையில் துருப்பிடித்து, ஒருநாள் பன்னிரண்டு வயதுப் பையன் நின்றபடி ஆடும்போது அறுகிறது. தேய்மானத்தின் கடைசி வீச்சில் ஊஞ்சலில் இருந்தவன் குற்றவாளி ஆகிறான். அதற்கு முன் கிரீஸ் தடவப்படாத மாதங்கள் கணக்கில் வருவதில்லை. திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகளின் உருளைத் தாங்கிகள் இறுகுவதும் இப்படித்தான். சறுக்குமரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: மேற்கு பார்த்துத் தகரத்தில் செய்து நிழலின்றி நிறுத்தியதை, கோடை விடுமுறையின் மாலை நான்கு மணிக்கு எந்தக் குழந்தையும் பயன்படுத்த முடியாது, அதைக் கண்டு, பிள்ளைகள் செல்பேசியை விட்டு வெளியே வருவதில்லை என்று பெரியவர்கள் வருந்துகிறார்கள்.

ஆள் ஏன் இல்லை என்ற கேள்விக்கு விடை நிதிமுறையில் இருக்கிறது. அரசுகள் பூங்காவுக்குப் பணம் தராமல் இல்லை. 2016இல் அறிவிக்கப்பட்ட அம்மா பூங்காத் திட்டம், 500 ஊராட்சிகளில் பூங்காக்களுக்கு 100 கோடி ரூபாயும் உடற்பயிற்சிக் கூடங்களுக்கு 50 கோடி ரூபாயும் என வகுக்கப்பட்டது. நடுவண் அரசின் அம்ருத் திட்டம், 2015இல் தொடங்கியபோது, திருச்சி உள்ளிட்ட நகரங்களின் திட்டத்தொகையில் 2.5 விழுக்காடு வரை பூங்காக்களுக்கென ஒதுக்க இடமளித்தது. இவை மூலதனச் செலவுகள், அதாவது ஒருமுறை செலவிட்டுப் பொருளாகக் காட்டத்தக்கவை. கல்வெட்டு பதிக்கலாம், நாடா வெட்டலாம். ஆண்டுதோறும் தோட்டக்காரருக்குக் கொடுக்க வேண்டிய கூலியோ நடைமுறைச் செலவு. அதற்குக் கல்வெட்டு கிடையாது. 2021 முதல் 2026 வரையிலான பதினைந்தாவது நிதி ஆணைய மானியத்தில், பெருநகரம் அல்லாத நகர உள்ளாட்சிகளுக்கு உரியதில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டப்பட்டது. எஞ்சிய 40 விழுக்காட்டை உள்ளூர்த் தேவைக்கேற்பச் செலவிடலாம், ஆனால் சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் செலவிடக்கூடாது என்பது நிபந்தனை. மானியத்தை ஊதியம் விழுங்கிவிடும் என்ற அச்சத்தில் பிறந்த அந்த நிபந்தனைக்கு நியாயம் இருக்கலாம். ஆனால் பூங்காவைப் பொறுத்தவரை அது, பசுவை வாங்கித் தந்துவிட்டு வைக்கோலுக்குப் பணம் கிடையாது என்று சொல்வதற்கு ஒப்பானது. பசு மெலிந்ததும் வீட்டாருக்குப் பசு வளர்க்கத் தெரியவில்லை என்று சொல்வதுதான் இன்று நடப்பது.

இந்நாட்டில் தோட்டம் காத்த பழைய மரபு இதற்கு நேரெதிரானது. ஸ்ரீரங்கத்தில் தொண்டரடிப்பொடி ஆழ்வார் நந்தவனம் அமைத்துப் பூத்தொண்டு செய்தார் என்பது எல்லாரும் அறிந்த செய்தி. அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது, சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் நந்தவனப்புறம், அதாவது நந்தவனத்தைக் காப்பதற்கும் அதில் உழைப்போரின் சீவனத்துக்கும் விளைச்சல் தரும் நிலத்தை நிலையாக ஒதுக்கும் ஏற்பாடு. தோட்டம் அமைத்தவர் அதைப் பேணும் ஆளின் சோற்றையும் சேர்த்தே அமைத்தார். உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 921இல் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டு இன்னும் வியப்பளிப்பது. 30 குடும்புகளிலிருந்து, அதாவது வார்டுகளிலிருந்து, தெரிவு செய்யப்பட்டோருள் 12 பேர் சம்வத்சர வாரியம் என்னும் ஆண்டு வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் போயினர். தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்பு பணி செய்திருப்பது ஆண்டு வாரியத்துக்கு வருவதற்கான தகுதிகளுள் ஒன்றாக வைக்கப்பட்டது. தோட்டம் காத்துக் காட்டியவருக்கே ஊர்க்காரியம் என்பது அம்முறையின் உட்பொருள். இந்த மரபைப் போற்றும்போதே அதன் குறையையும் சொல்லியாக வேண்டும்: அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கல ஏற்பாடு, நந்தவனம் தெய்வத்துக்கு உரியதே தவிர எல்லாச் சாதியாரும் வந்து உட்காரும் இடமன்று. இன்றைய பூங்கா பழைய நந்தவனத்தைவிட உயர்ந்தது. வந்தவரை யார் என்று கேளாத இடம் அது. நிதி ஏற்பாட்டில் மட்டும் பழையது உயர்ந்து நிற்கிறது.

மக்களின் குணம் பற்றிய வாதத்தைச் சோதிக்கச் சமயபுரத்தைவிட நல்ல சான்று கிடைக்காது. மண்ணச்சநல்லூருக்கு அடுத்துள்ள அவ்வூரில் மாசிக் கடைசி ஞாயிறன்று பூச்சொரிதல் தொடங்குகிறது. அன்று முதல் 28 நாள் அம்மனே பக்தர்களுக்காகப் பச்சைப் பட்டினி விரதம் இருப்பதாக ஐதீகம். சித்திரைத் தேருக்கு வரும் நடைப்பயணக் கூட்டம் சுற்றுப்பட்டுச் சாலைகளையெல்லாம் நிறைக்கிறது. வழிநெடுக நீர்மோர்ப் பந்தலும் அன்னதானமும் ஊர்மக்களின் பொறுப்புணர்வைக் காட்டுகின்றன என்று சிலர் இதை எதிர்வாதமாக எடுத்துவைப்பர். அது பாதி உண்மைதான். அதே சாலையில் அன்றிரவு காகிதக் குவளைகளும் பாக்கு மட்டைத் தட்டுகளும் கணுக்கால் அளவு கிடக்கும் என்பதையும் மறைக்கக்கூடாது. மறுநாள் சாலை மீண்டும் சாலையாவது மக்கள் ஒரே இரவில் திருந்திவிட்டதால் அன்று. கூடுதல் தூய்மைப் பணியாளர்கள் வந்து வாரிப் போடுவதால். பொறுப்புள்ள மக்கள், பொறுப்பற்ற மக்கள் என்று இரு வகை இல்லை; திருவிழாவில் நீர்மோர் ஊற்றியவரும் குவளையை எறிந்தவரும் பெரும்பாலும் ஒருவரே. வேறுபாடு, திருவிழாவுக்கு ஆள் ஒதுக்கப்படுகிறது, பூங்காவுக்கு ஒதுக்கப்படவில்லை என்பது மட்டுமே.

குடிப்பவர்கள் வருவார்கள், ஆகவே பூட்டு என்ற வாதம் விளைவைக் காரணமாகக் காட்டுவது. பூட்டிய பூங்காவுக்கு வழக்கமாக வருவோர் நின்றுபோவர். சுவரேறக் கூசாதவர் மட்டும் மிஞ்சுவர். இருட்டும் தனிமையும் அவர்களுக்கு உள்ளாட்சியே அமைத்துக் கொடுத்த வசதி. அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ், 1961இல் வெளிவந்த தம் நூலில், ஃபிலடெல்பியாவின் ரிட்டன்ஹவுஸ் சதுக்கத்தைக் காட்டி, காலையில் ஒரு வகையினர், நண்பகலில் வேறு வகையினர், மாலையில் இன்னொரு வகையினர் என்று நாள் முழுவதும் ஆள் மாறி மாறி வரும் பூங்காவே பாதுகாப்பாக இருக்கிறது என்று விளக்கினார். போதைப்பொருள் விற்போரின் கூடாரமாகிவிட்ட நியூயார்க்கின் பிரையன்ட் பூங்கா 1992இல் மீண்டும் திறக்கப்பட்டபோது, பொது இடங்களை ஆராய்ந்த வில்லியம் ஒயிட்டின் கருத்தைப் பின்பற்றி, பார்வையை மறைத்த புதர்வேலிகள் அகற்றப்பட்டன, நகர்த்தக்கூடிய நாற்காலிகள் போடப்பட்டன, நிகழ்ச்சிகள் நடத்தப்பட்டன, சுவர் உயர்த்தப்படவில்லை. அந்த நகரத்தின் செல்வம் இங்கில்லை என்பது சரியான மறுப்புத்தான். ஆனால் சுவரைத் தாழ்த்துவதற்கும் புதரைக் கழிப்பதற்கும் நியூயார்க்கின் செல்வம் வேண்டாம்.

ஆட்களை வரவைப்பது நிகழ்ச்சி. சமூகப் பொழுதுபோக்குத் திட்டம் என்றால் மேடை போட்டு ஒலிபெருக்கி வைப்பது என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. இன்ன கிழமை இன்ன நேரத்தில் இன்னது நடக்கும், அதற்கு இன்னார் பொறுப்பு என்ற உறுதியே அதன் சாரம். கோயில் திருவிழாவில் இதற்கு ஆயத்தமான வடிவம் உண்டு: மண்டகப்படி. திருவிழாவின் ஒவ்வொரு நாளையும் ஒரு குடும்பமோ தொழிற்குழுவோ சங்கமோ ஏற்று, அன்றைய செலவையும் ஏற்பாட்டையும் தன் பொறுப்பாகச் செய்வது அம்முறை. அதில் சாதிவாரி உரிமையும் அதனால் மூளும் தகராறும் உண்டு என்பதால் அப்படியே பெயர்த்து நட முடியாது. நாளுக்கொருவர் பொறுப்பு என்ற அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். செவ்வாய் மாலை மகளிர் குழுவின் கோலாட்டம், வெள்ளியன்று கிளை நூலகத்தின் கதைசொல்லல், ஞாயிறு காலை சிலம்பம் என்று வாரம் நிரம்பினால், குடிப்பவருக்கு இருக்கும் இடம் தானே சுருங்கும். ஆலைத் தொழிலாளரின் நேரத்தையும் எண்ண வேண்டும்: காலை ஐந்து முதல் ஒன்பது, மாலை நான்கு முதல் ஏழு என்று பலகை எழுதினால், ஏழு மணிக்கு மூட்டை இறக்கிவிட்டு வருபவருக்கும், களத்தில் நாளெல்லாம் நெல் துழாவிவிட்டு வீட்டில் சமைத்து முடிக்கும் பெண்ணுக்கும் அந்தப் பூங்கா இல்லாததே. சித்திரை, வைகாசியில் இரவு ஒன்பதரை வரை விளக்கெரிவதும் மார்கழியில் காலைத் திறப்பைச் சற்றுத் தள்ளுவதும் பருவப் பராமரிப்பின் பகுதிதான். 2024இல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டம் கிரிக்கெட், கைப்பந்து, சிலம்பம் என்று பொருள்களை ஊராட்சிகளுக்குத் தந்தது வரவேற்கத்தக்கதே. பெட்டியின் சாவியை மாலை ஐந்து மணிக்குக் கையில் வைத்திருப்பவர் யார் என்ற கேள்வி அதற்குப் பிறகும் நிற்கிறது.

பூங்காவைக் குடியிருப்போர் நலச்சங்கத்திடமோ ஆலை முதலாளிகளிடமோ தத்துக் கொடுத்துவிடலாம் என்பது, மக்களுக்குப் பொறுப்பில்லை என்ற அதே கருத்தின் நாகரிகமான வடிவம். வசதியுள்ள நகரில் அது ஓரளவு நடக்கும். கூலித் தொழிலாளர் தெருவில் சங்கமும் இராது, சந்தாவும் இராது. பங்களிப்பு கொடுப்போர்க்கே பூங்கா என்றானபின், கொடுக்காதவரின் பிள்ளை வாசலில் நிறுத்தப்படுவது நெடுநாள் ஆகாது. துணைக்கு வரட்டும், பொறுப்பு மன்றத்திடமே இருக்க வேண்டும்.

பணம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை இம்மாநிலத்திலேயே இருக்கிறது. நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியில் 1948இல் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம், சொத்துவரியோடு நூலக வரியைச் சேர்த்து வசூலிக்க வழிசெய்தது. இன்று அது சொத்துவரியில் 10 விழுக்காடு. கட்டடம் கட்டியதோடு நில்லாமல், கதவைத் திறந்து உட்காரும் நூலகரின் ஊதியத்துக்கும் நாளிதழுக்கும் ஆண்டுதோறும் வழி வைத்ததால்தான் கிளை நூலகங்கள், ஆயிரம் குறைகளோடும், மாலைதோறும் திறந்திருக்கின்றன. நூலக வாசகர் பூங்காவுக்கு வருபவரைவிடப் பொறுப்பானவர் என்று யாரும் சொல்வதில்லை. பூங்காவுக்குப் புது வரி வேண்டுமென்பதில்லை. சிறிய மனைப்பிரிவுகள் திறந்தவெளி நிலத்துக்கு ஈடாகச் செலுத்தும் தொகையையும் உள்ளாட்சியின் சொந்த வருவாயில் சிறு விழுக்காட்டையும் கூலிக்கென்றே தனித்தலைப்பில் வைத்தாலே தொடங்கலாம். 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் நகரங்களில் முதன்முறையாகக் கூட்டப்பட்ட பகுதி சபைகள், அதாவது வார்டுக்குள் வாக்காளர் நேரடியாகக் கலந்துகொள்ளும் கூட்டங்கள், இக்கணக்கைக் கேட்பதற்கு உரிய இடம்.

ஐப்பசி நடவுக்குக் குழியும் எருவும் புரட்டாசிக்குள் ஆயத்தமாக வேண்டும். அதற்கு ஒப்பந்தப்புள்ளி ஆடியில் முடிய வேண்டும். அதற்குரிய தொகை மார்ச் மாதத்தில் நிறைவேறும் வரவுசெலவுத் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும். பேரூராட்சியின் அந்தத் திட்டத்தில் பூங்கா என்ற தலைப்பின்கீழ் இரண்டு தோட்டப் பணியாளரின் பன்னிரண்டு மாதக் கூலியும், மாலை நிகழ்ச்சிகளை ஒழுங்குசெய்யும் ஒருவருக்கான மதிப்பூதியமும், கிரீஸ், கொக்கி, குழாய்வாய் போன்ற சில்லறைச் செலவும் தனித்தனி வரியாக எழுதப்பட வேண்டும். முதல் ஆண்டில் தொகை பெரிதாகத் தோன்றினால், நீரூற்றையும் நுழைவு வளைவையும் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டுத் தொடங்கலாம்.